செல்லியல் அறிஞர் ஜானகி அம்மாளின் ஆய்வு வெளியீடுகளும் மேற்கோள் தாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஆய்வாளரின் படைப்பு பிறரால் எத்தனை முறை எடுத்தாளப்பட்டது என்னும் எண்ணிக்கை, இன்று பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக விளங்குகிறது. அவ்வெண்ணிக்கை எதனை அளக்கிறது, எதனை அளக்கத் தவறுகிறது என்பதை, சென்னையில் கல்வி பயின்று கோயம்புத்தூரிலும் சென்னை மதுரவாயலிலும் ஆய்வு நிகழ்த்திய செல்லியல் அறிஞர் ஈ.கே. ஜானகி அம்மாளின் வெளியீடுகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இணையாசிரியர் நிலை, பதிப்பு மாற்றம், பெயர் வடிவம், தரவின் உட்கலப்பு ஆகிய நான்கு காரணங்களால் ஒருவரது பங்களிப்பு மேற்கோள் கணக்கிலிருந்து நழுவுவதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. இந்நிலை தமிழியல் ஆய்வாளர்க்கும் பொருந்துமாற்றையும், மதிப்பீட்டில் பின்பற்றத்தக்க நெறிகளையும் இறுதிப் பகுதி தொகுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்

ஜானகி அம்மாள், செல்லியல், குரோமோசோம் எண்ணிக்கை, மேற்கோள் தாக்கம், எச் குறியீட்டெண், ஆய்வு மதிப்பீடு.

முன்னுரை

‘மேற்கோள்’ என்னும் சொல் தமிழில் இரு பொருளில் வழங்குகிறது. பிறர் கூற்றை அவ்வாறே எடுத்துக் காட்டுதல் ஒன்று. பிறர் ஆய்வைச் சான்றாகச் சுட்டுதல் மற்றொன்று. இக்கட்டுரையில் இரண்டாவது பொருளே கொள்ளப்படுகிறது. ஓர் ஆய்வுக் கட்டுரையின் இறுதியில் உள்ள துணைநூற்பட்டியலில் ஒரு படைப்பு இடம்பெறுமாயின், அப்படைப்பு ஒரு மேற்கோளைப் பெற்றதாகக் கணக்கிடப்படும். அவ்வாறு பெற்ற மேற்கோள்களின் தொகையும் பரவலும் சேர்ந்ததே மேற்கோள் தாக்கம் எனப்படுகிறது.

வாழும் ஆய்வாளர் ஒருவரின் எண்களை மட்டும் எடுத்து ஆராய்வதைவிட, பணி நிறைவுற்றுக் காலம் கடந்த ஒருவரின் வெளியீடுகளை ஆராய்வது இவ்வளவீட்டின் இயல்பை நன்கு புலப்படுத்தும். அவருடைய ஆய்வின் பயன் இன்று தெளிவாகத் தெரிகிறது. அப்பயன் எண்ணிக்கையில் எந்த அளவுக்குப் பதிவாயிற்று என்பதையும் ஒப்பிட்டு நோக்க இயலும். அதற்கு ஜானகி அம்மாள் (1897–1984) மிகப் பொருத்தமான சான்றாகிறார்.

மேற்கோள் கணக்கீட்டின் வளர்ச்சி

மேற்கோள்களை எண்ணி மதிப்பிடும் முயற்சி நூலகத் தேவையிலிருந்து பிறந்தது. 1927 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிராஸ், கிராஸ் என்னும் இருவர், ஒரு கல்லூரி நூலகம் எந்த வேதியியல் இதழ்களை வாங்க வேண்டும் என்று முடிவு செய்வதற்காக, ஓர் இதழின் துணைநூற்பட்டியல்களில் பிற இதழ்கள் எத்தனை முறை சுட்டப்பட்டன என்று எண்ணினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924 இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளுக்கு எண்வழி முறைகளைப் பயன்படுத்தும் துறை ஒன்று தேவை என்று 1948 இல் இங்கிலாந்தில் நடைபெற்ற மாநாட்டில் முன்மொழிந்தார். நூலக அளவையியல் என்னும் கருத்து அவ்வாறு உருவாயிற்று.

1955 இல் யூஜின் கார்ஃபீல்டு ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, அறிவியலுக்கென ஒரு மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று வாதிட்டது. அவர் பிலடெல்பியாவில் நிறுவிய அறிவியல் தகவல் நிறுவனம், 1961 ஆம் ஆண்டின் 613 இதழ்களை அடிப்படையாகக் கொண்டு முதல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை 1963 இல் வெளியிட்டது. ஏறத்தாழ 14 லட்சம் மேற்கோள்கள் அதில் இடம்பெற்றன. ஒரு கருத்து எங்கெங்குச் சென்று சேர்ந்தது என்று தேடுவதற்கான கருவியாகவே அது உருவாக்கப்பட்டது. ஆளை மதிப்பிடும் கருவியாக அது மாறியது பின்னர் நிகழ்ந்தது. 2004 இல் ஸ்கோப்பஸ், கூகுள் ஸ்காலர் ஆகியவை தோன்றின. 2005 இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் எச் குறியீட்டெண்ணை முன்வைத்தார். ஒருவருடைய படைப்புகளுள் 10 படைப்புகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 மேற்கோள்களைப் பெற்றிருந்து, 11 படைப்புகள் 11 மேற்கோள்களை எட்டாதிருப்பின், அவருடைய எச் குறியீட்டெண் 10 ஆகும். ஒற்றை எண்ணில் அடங்குவதால் இது நிருவாகத்தினர்க்கு எளிதாயிற்று.

ஜானகி அம்மாளின் ஆய்வு வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த தலச்சேரியில் 1897 நவம்பர் 4 அன்று ஜானகி அம்மாள் பிறந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும், மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921 இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய நிலையில், பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று முதுகலைப் பட்டமும், 1931 இல் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றார். திருவனந்தபுரத்தில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராகப் பணியாற்றிய பின், கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். 1935 இல் இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1939 இல் எடின்பரோவில் நடைபெற்ற பன்னாட்டு மரபியல் மாநாட்டுக்குச் சென்றபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. அதன்பின் இங்கிலாந்திலேயே தங்கி, 1940 முதல் 1945 வரை ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் செல்லியலாளராகவும், பின்னர் 1951 வரை வைஸ்லியிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகத்திலும் பணியாற்றினார். இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொருட்டுப் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பினார். அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கினார். பணி ஓய்வுக்குப் பின் ஜம்முவிலும் சிறிது காலம் டிராம்பேயிலும் ஆய்வைத் தொடர்ந்தார். 1970 இல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் தகைசால் அறிவியலாளராக இருந்தார். 1984 பிப்ரவரியில் அங்கேயே மறைந்தார். 1977 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆய்வின் பொருளும் முறையும்

ஜானகி அம்மாளின் துறை செல்லியலின் ஒரு கிளையாகிய குரோமோசோம் ஆய்வு. வேர் நுனியிலோ மகரந்தத் தாய்ச்செல்லிலோ செல் பிரிதல் நிகழும் தருணத்தில் திசுவை நிலைப்படுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ்க் குரோமோசோம்களை எண்ணிப் படம் வரைவதே அக்கால நடைமுறை. ஒரு சிற்றினத்தின் எண்ணிக்கையை உறுதி செய்யப் பல தகடுகளை ஆராய வேண்டும். பெரும் உழைப்பின் விளைவு இறுதியில் ஓர் எண்ணாக மட்டுமே அச்சில் நிற்கும்.

அந்த எண்ணின் பயனோ பெரிது. கரும்பை எடுத்துக்கொண்டால், இனிப்பு மிக்க பயிர்க்கரும்பாகிய சக்காரம் அஃபிசினாரம் 80 குரோமோசோம்களைக் கொண்டது. வறட்சியையும் நோயையும் தாங்கும் காட்டுக் கரும்பாகிய சக்காரம் ஸ்பான்டேனியத்தில் இவ்வெண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறி, 40 முதல் 128 வரை காணப்படுகிறது. எந்த வடிவத்தை எதனுடன் கலப்பது, கலப்பினம் வளமுடையதாகுமா என்னும் வினாக்களுக்குக் குரோமோசோம் எண்ணிக்கை அடிப்படையாகிறது. இந்தியக் காட்டுக் கரும்பு வடிவங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து ஜானகி அம்மாள் 1936 இல் இந்திய வேளாண் அறிவியல் இதழில் கட்டுரை வெளியிட்டார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற கலப்பினம் பற்றிய குறிப்பு 1938 இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. கரும்பின் பேரினங்களுக்கிடையிலான கலப்பினங்களைப் பற்றிய விரிவான கட்டுரை 1941 இல் ‘ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ்’ இதழில் வெளியாயிற்று.

வைஸ்லியில் அவர் ரோடோடென்ட்ரான், மக்னோலியா முதலிய தோட்டத் தாவரங்களின் பன்மடியத்தை ஆராய்ந்தார். குரோமோசோம் தொகுதி இரண்டுக்கு மேற்பட்டு அமைவதே பன்மடியம். கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் செல் பிரிதலின்போது குரோமோசோம்கள் இரு பாதியாக விலகிச் செல்வதைத் தடுத்து, அவற்றின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். இம்முறையை அவர் மக்னோலியா விதைகளுக்கும் நாற்றுகளுக்கும் பயன்படுத்தினார். அதன் விளைவாக உருவான ஒரு மக்னோலியா வகை அவர் பெயராலேயே வழங்குகிறது.

வெளியீடுகளின் வகைப்பாடு

அவருடைய வெளியீடுகளை நான்கு வகையாகப் பகுக்கலாம். முதலாவது, ‘நேச்சர்’ போன்ற பன்னாட்டு இதழ்களில் வந்த குறுங்கட்டுரைகளும் விரிவான ஆய்வுக் கட்டுரைகளும். இரண்டாவது, இந்திய இதழ்களில் வந்த கட்டுரைகள். மக்னோலியாக்களின் இன வரலாறு பற்றி 1952 இல் இந்திய மரபியல், பயிர் இனப்பெருக்க இதழில் வந்தது இவற்றுள் ஒன்று. மூன்றாவது, ரோடோடென்ட்ரான் ஆண்டு மலர் போன்ற தோட்டக்கலை வெளியீடுகளில் வந்த எண்ணிக்கைத் தொகுப்புகள். நான்காவது நூல்களும் நூற்கட்டுரைகளும். சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து 1945 இல் வெளியிட்ட ‘பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் வரைபடநூல்’ இவ்வகையில் தலையாயது. 1955 இல் பிரின்ஸ்டனில் நடைபெற்ற, புவியின் முகத்தை மனிதன் மாற்றிய வரலாறு பற்றிய கருத்தரங்கில் அவர் வழங்கிய, இந்தியாவின் வாழ்வாதாரப் பொருளாதாரம் குறித்த கட்டுரையும் இதில் அடங்கும்.

இவ்வகைப்பாடு இன்றியமையாதது. ஏனெனில், மேற்கோள் தரவுத்தளங்கள் முதல் வகையை நன்கு காண்கின்றன. இரண்டாம் வகையை ஓரளவே காண்கின்றன. மூன்றாம், நான்காம் வகைகளைப் பெரும்பாலும் புறத்தே நிறுத்துகின்றன. ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தில் கட்டுரைகளின் துணைநூற்பட்டியல்கள் 1970 ஆம் ஆண்டு முதலே முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஜானகி அம்மாளின் ஆய்வுகள் மிகுதியாகச் சுட்டப்பட்டிருக்கக்கூடிய 1940களும் 1950களும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. எனவே ஒரு தரவுத்தளத்தில் அவர் பெயரையிட்டுப் பெறும் எந்தவோர் எண்ணும், அவருடைய பணியைக் காட்டிலும் அத்தரவுத்தளத்தின் வரம்பையே முதலில் உணர்த்துகிறது.

முதலாசிரியர் மரபு

1945 ஆம் ஆண்டு வரைபடநூல், ஆயிரக்கணக்கான தாவரச் சிற்றினங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை ஓரிடத்தில் தொகுத்துத் தந்தது. பயிர் இனப்பெருக்கத்திலும் தாவர வகைப்பாட்டியலிலும் ஈடுபட்டோர்க்கு அது கைந்நூலாயிற்று. நூலின் முகப்பில் முதலில் டார்லிங்டன் பெயரும் அடுத்து ஜானகி அம்மாள் பெயரும் அமைந்துள்ளன.

அச்சு வடிவில் வெளிவந்த அறிவியல் மேற்கோள் அட்டவணை, சுட்டப்படும் படைப்பை அதன் முதலாசிரியர் பெயரின் கீழ் மட்டுமே பதிவு செய்தது. இடத்தையும் செலவையும் சுருக்குவதற்காக மேற்கொள்ளப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் அதன் விளைவாக, அவ்வரைபடநூல் எத்தனை முறை சுட்டப்பட்டாலும் அனைத்தும் ‘டார்லிங்டன், 1945’ என்னும் வரியின்கீழ்ச் சேர்ந்தன. ஜானகி அம்மாள் பெயரில் தேடுவோர்க்கு அந்நூல் தென்படாது. இன்றைய மின்தரவுத்தளங்கள் தாம் முழுமையாகச் சேர்த்துள்ள கட்டுரைகளுக்கு எல்லா ஆசிரியர் பெயர்களையும் பதிகின்றன. எனினும் அவற்றின் மூலப் பட்டியலில் இல்லாத பழைய நூல்களுக்கு முதலாசிரியர் பெயரே இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. அவருடைய மிகப் பெரிய வெளியீடே அவர் கணக்கில் வாராமற்போவது இவ்வாறு நிகழ்கிறது.

பதிப்பு மாற்றம்

இரண்டாவது காரணம் இதனினும் நுட்பமானது. 1955 இல் அந்நூலின் இரண்டாம் பதிப்பு ‘பூக்கும் தாவரங்களின் குரோமோசோம் வரைபடநூல்’ என்னும் புதிய தலைப்பில் வெளிவந்தது. பயிரிடப்படும் தாவரங்கள் என்னும் எல்லை பூக்கும் தாவரங்கள் அனைத்துக்குமாக விரிவடைந்தது. ஆசிரியர்களாக டார்லிங்டன், ஏ.பி. வைலி ஆகியோர் பெயர்கள் இடம்பெற்றன. அப்பொழுது ஜானகி அம்மாள் இந்தியாவில் தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தின் சீரமைப்புப் பணியில் இருந்தார்.

புதிய பதிப்புக்குப் புதிய உழைப்பைத் தந்தவர் பெயர் அதில் இடம்பெறுவது முறையே. ஆயினும் மேற்கோள் கணக்கில் அதன் விளைவு தெளிவானது. புதிய பதிப்பு வந்தபின் ஆய்வாளர்கள் அதனையே சுட்டுவது இயல்பு. ‘டார்லிங்டன், வைலி, 1955’ என்பது தாவரச் செல்லியல் கட்டுரைகளில் நெடுங்காலம் நிலைபெற்ற மேற்கோளாயிற்று. முதற்பதிப்பில் இடப்பட்ட அடித்தளம் அப்புதிய மேற்கோளின் கீழ் மறைந்தது. கார்ஃபீல்டு மேற்கோள் அட்டவணையை முன்மொழிந்ததும் இதே 1955 ஆம் ஆண்டுதான். ஆகவே அட்டவணை நடைமுறைக்கு வந்த காலத்தில் ஜானகி அம்மாளின் பெயர் அந்நூலின் நடப்புப் பதிப்பில் இல்லை.

பெண் அறிவியலாளரின் பங்களிப்பு உடன் பணியாற்றிய ஆண்களின் பெயரில் சேர்வதை அறிவியல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ரோசிட்டர் 1993 இல் ‘மெட்டில்டா விளைவு’ எனப் பெயரிட்டு விளக்கினார். ஜானகி அம்மாளின் நிலையை அக்கோட்பாட்டின் எளிய சான்றாக மட்டும் கொள்வது போதாது. 1955 ஆம் ஆண்டுப் பதிப்பின் இணையாசிரியரும் ஒரு பெண்ணே. இங்கு இணையாசிரியர் என்னும் நிலையே மறைவுக்கு முதன்மைக் காரணமாகிறது. முதற்பெயர் நிலைக்க, இரண்டாம் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறியது.

பெயரின் சிதறல்

மூன்றாவது காரணம் தென்னிந்தியப் பெயர் மரபைச் சார்ந்தது. மேலை நாட்டுத் தரவுத்தளங்கள் ஒவ்வொரு பெயரின் இறுதிச் சொல்லையும் குடும்பப் பெயராகக் கொண்டு, ஏனையவற்றைத் தலைப்பெழுத்தாகச் சுருக்குகின்றன. ‘ஈ.கே.’ என்பது எடவலத்து கக்கட்டு என்னும் இல்லப் பெயரின் தலைப்பெழுத்து. ‘ஜானகி’ இயற்பெயர். ‘அம்மாள்’ மரியாதை குறித்த பின்னொட்டு. தரவுத்தள விதியின்படி மரியாதைச் சொல் குடும்பப் பெயராகவும், இயற்பெயர் ஒற்றை எழுத்தாகவும் மாறிவிடுகின்றன. இதனால் ‘ஜானகி அம்மாள், ஈ.கே.’, இடைக்கோடிட்ட ‘ஜானகி-அம்மாள், ஈ.கே.’, ‘அம்மாள், ஈ.கே.ஜே.’ எனப் பல வடிவங்களில் ஒரே ஆய்வாளர் பல ஆய்வாளராகப் பிரிகிறார். ஒவ்வொரு வடிவத்தின் கீழும் மேற்கோள்களின் ஒரு பகுதி மட்டுமே சேர்கிறது.

எச் குறியீட்டெண்ணின் அமைப்பில் இச்சிதறல் பெரும் இழப்பை உண்டாக்கும். மூன்று பெயர் வடிவங்களுக்கும் தனித்தனியே குறியீட்டெண் 4 எனக் கொள்வோம். அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டால் அது 4 ஐவிடக் கூடுதலாக அமையக்கூடும். ஆனால் தேடுபவர் ஒரு வடிவத்தை மட்டும் இட்டால் 4 என்றே முடிவு செய்வார். ஆய்வாளர்க்குத் தனி அடையாள எண் வழங்கும் ஆர்சிட் அமைப்பு 2012 இல் தொடங்கப்பட்டது. வாழும் ஆய்வாளர்க்கு அது பயன்படும். முன்னோர் வெளியீடுகளை ஒன்றுசேர்க்கும் பணியை நூலகர்களும் துறை வரலாற்றாசிரியர்களுமே செய்தாக வேண்டும்.

தரவின் உட்கலப்பு

நான்காவது காரணம், வெற்றி பெற்ற ஆய்வே தன் மேற்கோளை இழப்பது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதனை உட்கலப்பால் நிகழும் அழிவு என்று விளக்கினார். ஒரு கண்டுபிடிப்பு துறையின் பொது அறிவாகிவிட்டபின், அதனைக் கண்டவர் பெயரைச் சுட்டும் தேவையே இல்லாமற் போகிறது.

குரோமோசோம் எண்ணிக்கைகள் இதற்குத் தக்க சான்று. ஒருவர் எண்ணியதை வரைபடநூல் தொகுத்தது. வரைபடநூலையும் பிற மூலங்களையும் ஃபெடரோவ் 1969 இல் வெளியிட்டது போன்ற பின்னைய பெருந்தொகுப்புகள் உள்வாங்கின. அவற்றை இன்றைய மின்தரவுத்தளங்கள் உள்வாங்கியுள்ளன. ஒவ்வொரு படியிலும் மேற்கோள் அண்மைய தொகுப்புக்கே செல்கிறது. 2018 இல் காட்டுக் கரும்பின் மரபணுத் தொகுதி வரிசைப்படுத்தப்பட்டபோது, பல தலைமுறைச் செல்லியலாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் எண்ணிச் சேர்த்த அறிவு அதற்கு அடிப்படையாக இருந்தது. அவ்வறிவின் பெரும்பகுதி இன்று பாடநூற் செய்தி.

இவ்வுட்கலப்பு ஒருபக்கச் சார்புடையதன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். 1945 ஆம் ஆண்டு வரைபடநூலும் எண்ணற்ற ஆய்வாளர்களின் எண்ணிக்கைகளைத் தன்னுள் அடக்கியது. அதனைச் சுட்டியவர்கள் மூல எண்ணிக்கையாளரைச் சுட்டாது விட்டிருப்பர். தொகுப்பாளராக ஜானகி அம்மாள் பெற்றது, கள ஆய்வாளர் பிறர் இழந்தது. கள ஆய்வாளராக அவரும் அதையே இழந்தார்.

மேற்கோள் எண்ணிக்கையின் பயன்

இவற்றால் மேற்கோள் கணக்கீடே பயனற்றது என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. தனிநபர் விருப்பு வெறுப்புகளைக் கடந்து, ஓர் ஆய்வு எங்கெல்லாம் பயன்பட்டது என்பதற்கு அது புறச்சான்று தருகிறது. செல்வாக்கு இல்லாத சிறு கல்லூரியில் பணியாற்றுபவரின் ஆய்வும் உலகளவில் எடுத்தாளப்படுவதை அது வெளிப்படுத்தக்கூடும். ஒரே துறையில், ஒரே காலத்தில், ஒரே வகை வெளியீடு செய்தோரை ஒப்பிடுகையில் அதற்குப் பொருள் உண்டு.

துறையும் வகையும் மாறும்போது ஒப்பீடு தடுமாறுகிறது. புரதத்தின் அளவைக் கணிக்கும் முறையை விளக்கி லோரியும் பிறரும் 1951 இல் எழுதிய கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. ஆய்வுக்கூடங்களெங்கும் அம்முறை பயன்பட்டதே அதற்குக் காரணம். கண்டுபிடிப்பின் ஆழத்தை மேற்கோள் தொகையே அளக்குமாயின், இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் தலைசிறந்த சாதனையாக அம்முறையைக் கொள்ள நேரிடும். மேற்கோள் அளப்பது பயன்பாட்டை. அதிலும் பெயர் சுட்டப்பட்ட பயன்பாட்டை மட்டுமே.

இவ்வளவீடுகளைத் தவறாகக் கையாளுவதற்கு எதிரான கூட்டுக்குரல் செல்லியல் துறையிலிருந்தே எழுந்தது கருதத்தக்கது. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற அமெரிக்கச் செல்லுயிரியல் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடலாகாது என்று வலியுறுத்தியது. 2015 இல் வெளிவந்த லைடன் அறிக்கை, எண்கள் வல்லுநரின் மதிப்பீட்டுக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகலாகாது என்றும், வட்டார மொழிகளில் நிகழும் தரமான ஆய்வுகள் காக்கப்பட வேண்டும் என்றும் எடுத்துரைத்தது.

தமிழியல் ஆய்வுக்குப் பொருந்துமாறு

ஜானகி அம்மாளின் நிலையில் கண்ட நான்கு காரணங்களும் தமிழ் ஆய்வுலகில் இன்னும் வலிமையாகச் செயற்படுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதனைப் புரட்டாது தமிழியல் ஆய்வு எதுவும் நிகழ்வதில்லை. ஆயினும் துணைநூற்பட்டியலில் அது இடம்பெறுவது அருமை. சங்க இலக்கியப் பாடலைச் சான்றாகக் காட்டும் கட்டுரை பாடல் எண்ணைத் தருகிறது. ஏடுகளை ஒப்பிட்டு அப்பாடத்தை நிறுவிய பதிப்பாசிரியர் பெயரை விட்டுவிடுகிறது. சொல்லடைவு, நூலடைவு, கல்வெட்டுத் தொகுப்பு ஆகியவற்றை உருவாக்கியோரின் நிலையும் குரோமோசோம்களை எண்ணியோரின் நிலையே. தொல்காப்பியரே தமக்கு முந்தைய இலக்கண ஆசிரியர்களைப் பெயர் கூறாது புலவர் எனப் பொதுப்படச் சுட்டுகிறார். கொள்கை நிலைத்தது, கொள்கையைக் கண்டோர் பெயர்கள் நமக்கு எட்டவில்லை.

பெயர்ச் சிதறலோ அன்றாட நடப்பு. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழர் பெயரை விரித்தெழுதும்போது, தரவுத்தளத்தில் தந்தையே ஆய்வாளராகிவிடுவதும் உண்டு. இதனோடு, தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுள் மிகச் சிலவே பன்னாட்டுத் தரவுத்தளங்களில் இடம்பெறுகின்றன.

இதன் விளைவு நூலக அறையோடு நிற்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகளின் ஆய்வு மதிப்பெண் பட்டியல், இதழின் தாக்கக் காரணிக்கேற்பக் கட்டுரைக்குரிய புள்ளிகளை உயர்த்தியது. அதே விதிமுறை, இருவர் எழுதிய கட்டுரையில் ஒவ்வொருவர்க்கும் 70 விழுக்காடு புள்ளி என்றும், இருவருக்கு மேற்பட்டோர் எழுதியதில் முதன்மை ஆசிரியர்க்கு 70 விழுக்காடும் ஏனையோர் ஒவ்வொருவர்க்கும் 30 விழுக்காடும் என்றும் வகுத்தது. இரண்டாம் ஆசிரியரை முற்றிலும் புறக்கணித்த பழைய அட்டவணை முறையைவிட இது மேலானது. எனினும் பதிப்பு, அகராதி, தொகுப்பு ஆகியவற்றுக்காகப் பல ஆண்டுகள் உழைப்பவர், தாக்கக் காரணி உடைய இதழ்களில் குறுங்கட்டுரைகள் எழுதுபவரைவிடப் பின்தங்கும் நிலை மாறவில்லை. இளம் ஆய்வாளர் எந்தப் பணியைத் தேர்வார் என்பதை இது தீர்மானிக்கிறது. அடித்தளப் பணிகளுக்கு ஆள் கிடையாமற் போகுமாயின், அவற்றின்மேல் எழும் ஆய்வுகளும் தளரும்.

மதிப்பீட்டில் பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து மதிப்பீட்டாளர்க்கும் ஆய்வாளர்க்கும் ஐந்து நெறிகளைப் பெறலாம்.

முதலாவது, மேற்கோள் எண்ணைத் தரும்போது தரவுத்தளத்தின் பெயர், தேடிய நாள், தேடிய பெயர் வடிவங்கள் ஆகிய மூன்றும் உடன் தரப்பட வேண்டும். இவை இல்லாத எண் சரிபார்க்க இயலாதது.

இரண்டாவது, நூல்களின் மேற்கோள்களை இணையாசிரியர், முற்பதிப்பு ஆகியவற்றையும் கருதித் தனியே தேட வேண்டும். திருத்தப் பதிப்பைச் சுட்டுவோர் முதற்பதிப்பின் ஆசிரியர்களையும் ஒரு வரியில் குறிப்பது நன்று.

மூன்றாவது, தரவு, பதிப்பு, அகராதி, அடைவு ஆகியவற்றைப் பயன்படுத்தும் கட்டுரை அவற்றைத் துணைநூற்பட்டியலில் சேர்க்க வேண்டும். தமிழ் இதழ்களின் ஆசிரியர் குழுக்கள் இதனைக் கட்டுரை நெறிமுறையில் விதியாக்கலாம்.

நான்காவது, ஆய்வாளர் தம் பெயரை ஒரே வடிவில் தொடர்ந்து எழுதுவதோடு, தமிழ் வடிவத்தையும் உரோமன் எழுத்து வடிவத்தையும் ஒரே அடையாள எண்ணோடு இணைக்க வேண்டும்.

ஐந்தாவது, எண்ணிக்கையுடன் ஆய்வாளரின் தலைசிறந்த மூன்று அல்லது நான்கு படைப்புகளை மதிப்பீட்டாளர் படித்துக் கருத்துரைக்க வேண்டும். எண், படிப்பதற்கு உரியவற்றைக் காட்டும் வழிகாட்டியாகலாம், படித்தலுக்கு ஈடாகாது.

முடிவுரை

ஜானகி அம்மாளின் மேற்கோள் தாக்கத்தை ஒற்றை எண்ணாகச் சுருக்கும்போது, அவருடைய முதன்மை நூல் டார்லிங்டன் பெயரிலும், அதன் தொடர்ச்சி பிறிதோர் இணையாசிரியர் பெயரிலும், கட்டுரைகள் பல பெயர் வடிவங்களிலும், எண்ணிக்கைகள் பெயரற்ற தரவாகவும் பிரிந்து போகின்றன. அவர் பெயரில் எஞ்சும் எண், அவர் செய்த பணியின் ஒரு கூறு மட்டுமே. வகைப்பாட்டியலுக்கென இந்திய அரசு நிறுவிய தேசிய விருது அவர் பெயரைத் தாங்கியுள்ளது. கொடைக்கானலில் உருவாக்கப்பட்ட மஞ்சள் ரோஜா ஒன்றும் அவர் பெயர் கொண்டது. இவை எந்த அட்டவணையிலும் மேற்கோளாகச் சேர்வதில்லை.

மேற்கோள் என்பது அடிப்படையில் நன்றியறிதலின் எழுத்து வடிவம். அதனை எண்ணுவதற்கு முன், அது உரியவரைச் சென்று சேர்ந்ததா என்று அறிதல் வேண்டும். ஒவ்வோர் ஆய்வாளரும் தம் துணைநூற்பட்டியலை முழுமையாகவும் நேர்மையாகவும் அமைப்பதே அதற்கான முதற்படி. தரவுத்தளங்கள் திருந்தும் வரை காத்திராமல் இதழ்களும் துறைகளும் இன்றே தொடங்கத்தக்க பணி அது.